இரண்டே முக்கால் மணித் தண்ணீர்

மராத்தி பேசும் ஊரான போசரியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எதிரே இருந்த டீக்கடையைக் காட்டி, கூட வேலை பார்க்கிற அக்காவிடம், "இங்க டீ நல்லா இருக்குமாக்கா?" என்று கேட்டேன். நடந்துகொண்டிருந்தவர் நின்றார். நிஜமாகவே யோசித்தார். பிறகு, "எத்தனை மணி டீ சார்?" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. காலை எட்டு மணி டீயைக் கடைக்காரரே போடுவாராம், அதை அடித்துக்கொள்ள ஆளே கிடையாதாம். பதினோரு மணிக்கு அவருடைய மச்சான் வந்து உட்காருவான். அவன் இஞ்சியைத் தட்டாமல் முழுசாகப் போடுகிற ரகம். நாலு மணிக்குக் கொடுப்பது மத்தியானம் போட்டு மிஞ்சியதைச் சுடவைத்தது. "இதுல நீங்க எதைக் கேக்கறீங்கன்னு தெரியாம நான் எப்படி சார் நல்லா இருக்கும்னு சொல்றது?" என்றார். ஒரு டீக்கே இந்தப் பாடு என்றால் இந்த அம்மாவோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று அன்றைக்கே நினைத்தேன்.

எங்களுடையது தண்ணீரைப் பரிசோதிக்கிற சின்ன ஆய்வுக்கூடம். கீழே லேத் பட்டறை, மேலே நாங்கள். பட்டறையில் பெரிய மெஷினை ஓட்டினால் எங்கள் கண்ணாடிக் குடுவைகள் எல்லாம் கிணுகிணுவென்று ஆடும். நான் எம்.எஸ்ஸி. படித்தவன், அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன். அவர் டிப்ளமா படித்தவர், ஊர் ஊராகப் போய்ப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வருகிறவர். காகிதத்தில் நான் மேலே, அவர் கீழே. வயதில் என்னைவிட எட்டு வருஷம் மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை சார் என்பார். அந்த சாரில் சில நாள் மரியாதை இருக்கும், பல நாள் கிண்டல் இருக்கும். எந்த நாள் எது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

அக்கா பக்கத்து ஊரான கட்கிக்காரர். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தியும் மராத்தியும். அவர் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குலுக்கிக் கொடுப்பார். ஜெபமாலை முழுவதையும் தமிழில் மூச்சு விடாமல் சொல்வார், ஆனால் தமிழில் ஒரு பஸ் போர்டு வைத்தால் படிக்கத் தெரியாது. கடலையே இருபத்திரண்டு வயதில்தான் முதல் முதலாகப் பார்த்தாராம். நீச்சல் தெரியாது. படகில் ஏறினால் பத்தாவது நிமிஷம் வாந்தி, அதனால் கன்னத்தில் உப்பு நெல்லிக்காய் வற்றலை அடக்கிக்கொண்டுதான் படகில் காலையே வைப்பார். நானோ தூத்துக்குடிக்காரன், கடல் காற்றைக் குடித்து வளர்ந்தவன். கடலைப் பற்றி இவரிடம் எனக்குக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது.

ஆறு கடலில் கலக்கிற கழிமுகத்தில், 'இங்கே தண்ணீர் எப்படி?' என்று பொதுவாகக் கேட்கவே கூடாது என்பது அக்காவின் கட்சி. காலையில் கடல் ஏறி ஆற்றுக்குள் வரும். அப்போது தண்ணீர் குளிர்ச்சியாக, உப்பாக, ஓரளவு தெளிவாக இருக்கும். கறுப்பும் வெள்ளையும் அடித்த ஒரு தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினால் ஓர் ஆள் ஆழம் வரைக்கும் கண்ணுக்குத் தெரியும். ஏறி முடிந்ததும் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். பிறகு திரும்பும். திரும்புகிற வேகத்தில் அடிச்சேறு கிளம்பி, அதே தட்டு ஒரு முழத்துக்குள் மறைந்துபோகும். வற்ற வற்ற ஆற்றுத் தண்ணீர் இறங்கி வரும், வழியில் ஊர்களும் ஆலைகளும் அதில் எதையெதை விட்டனவோ அவ்வளவையும் கூட்டிக்கொண்டு வரும். உப்பு குறையும், சூடு ஏறும், நாற்றமும் சேரும். எல்லாம் வடிந்து முடிந்ததும் மறுபடி கடல் ஏறி வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி மூடிவிடும். இந்த ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டரை மணி நேரம். ஆகவே அக்கா ஒரே இடத்தில் பதின்மூன்று மணி நேரம் உட்காருவார். சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட ஒரு மூங்கிலைச் சேற்றில் நட்டு, தண்ணீர் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதுவார். மணிக்கு ஒரு பாட்டில், தண்ணீர் திரும்புகிற சமயத்தில் அரை மணிக்கு ஒன்று. படகில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தால் உயிர் போய்விடும் என்பதால் முடிந்தவரை படகுத்துறையின் ஓரத்திலேயே குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இது வேலையோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. நான் கட்கியில் ஒரு வீடு பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன், நல்ல காற்று, நல்ல வெளிச்சம், வீட்டுக்காரம்மா போஹா என்று அவல் உப்புமா கொடுத்தார். மறுநாள் அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"சாயங்காலம் போய்ப் பாத்தீங்களா?"

"எதுக்குக்கா? அதே வீடுதானே இருக்கப் போவுது."

"அரே சார், வீடு அதேதான். ஆறு மணிக்கு ஒரு சக்கர் போய்ட்டு வாங்க, அப்புறம் பேசிக்கலாம்."

அவர் வாயை அடைப்பதற்காகவே போனேன். கீழ்த்தளத்தில் காலையில் ஷட்டர் மூடிக் கிடந்த கடை திறந்திருந்தது. கல்யாண பேண்டு வாத்தியக் கோஷ்டி ஒன்று தினமும் சாயங்காலம் ஒத்திகை பார்க்கிற இடம் அது. பன்னிரண்டு பேர், அதில் நாலு பேரிடம் டிரம். நான் நின்ற நேரத்தில் ஒரே பாட்டை ஏழு தடவை வாசித்தார்கள், ஏழு தடவையும் ஒரே இடத்தில் பிசகியது. மறுநாள் அக்கா என் மேஜைக்கு வந்து, டிரம் வாசிக்கிற மாதிரி இரண்டு விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அந்தக் கோஷ்டியைக் கட்கி முழுவதற்குமே தெரியும் என்பதை ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்கள்.

அக்காவின் தங்கைக்கு மாப்பிள்ளை வந்தபோதும் இதே கதைதான். பையன் ஹிஞ்சேவாடியில் ஒரு கம்பெனியில் வேலை. ஞாயிறு பூசை முடிந்து இஸ்திரி போட்ட சட்டையோடு பெண் பார்க்க வந்தான், அடக்கமாகப் பேசினான், வீட்டில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. அக்கா மட்டும், "இது ஞாயித்துக்கிழமை பதினோரு மணிப் பையன். நமக்கு வேலை நாள் சாயங்காலம் வேணும்" என்று சொல்லிவிட்டார். புதன்கிழமை ஆறரை மணிக்கு ஸ்கூட்டியில் ஹிஞ்சேவாடி போய், ஹெல்மெட்டைக் கழற்றாமல், அவன் கம்பெனி வாசலில் நின்றிருக்கிறார். கம்பெனி வண்டி வந்தது, பையன் ஏறினான், நெரிசலில் வண்டி நகரவே இல்லை. அக்காவும் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். முக்கால் மணி நேரத்தில் வண்டி ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. மற்றவர்கள் டிரைவரைப் பிடித்துக் கத்துகிறார்கள். பையன் வாயைப் பிளந்துகொண்டு பக்கத்து ஆள் தோளில் தூங்குகிறான்.

"அந்த டிராஃபிக்ல தூங்கறான்னா அவனுக்குக் கோவமே வராது சார். முடிச்சிடலாம்னு வீட்ல சொல்லிட்டேன்." தங்கை இப்போதும் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள் என்று கேள்வி. ஆனால் வீட்டில் எந்த வேலை சொன்னாலும் அவன் தூங்கிவிடுகிறானாம்.

அவரிடம் எனக்கு எரிச்சலும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். எதைக் கேட்டாலும் நேராக ஒரு ஆமாம் வராது. முதலாளி அறிக்கைக்கு அவசரப்படுத்துவார், அக்கா இன்னும் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும் என்பார், நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழிப்பேன். இந்த அம்மா இல்லாமல் ஒரு வேலையை நானே சுருக்கமாக முடித்துக் காட்ட வேண்டும் என்று மனசுக்குள் ஓர் ஆசை இருந்தது. அதற்கு வாய்ப்பும் வந்தது.

கொங்கண் கரையில் ஒரு கழிமுகம். கடலிலிருந்து ஆற்றுக்குள் வெகு தூரம் தள்ளி ஒரு கிராமம். அங்கே தண்ணீர் வடிந்து நிற்கிற வற்றத்தின்போது பெண்கள் சேற்றில் இறங்கி மட்டிச் சிப்பி பொறுக்குவார்கள், அதுதான் அவர்களுக்குப் பிழைப்பு. மட்டி செத்துச் செத்து வருகிறது, காலெல்லாம் கொப்புளம் போடுகிறது, மேலே ஆலைகள் விடுகிற ஓடைதான் காரணம் என்று அவர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். தண்ணீரைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று அரசு அலுவலகம் எங்களைக் கேட்டிருந்தது. நாங்கள் நல்ல தண்ணீர் என்று எழுதினால் மனு தள்ளுபடி, அந்தப் பெண்கள் அதே ஓடைத் தண்ணீரில்தான் நின்றாக வேண்டும். தண்ணீர் பிடிக்கப் போக வேண்டிய சனிக்கிழமை அக்காவின் மகளுக்கு, முதல் முதலாக நற்கருணை வாங்குகிற புது நன்மை. அவர் விடுப்பு.

"நான் போய்க்கிடுதேன், நீங்க பிள்ளையப் பாருங்க" என்று தாராளமாகச் சொன்னேன். கடல் ஏறி இறங்குகிற நேரம் போட்ட துறைமுகத்து ஓத அட்டவணையைப் போனில் பார்த்துக்கொண்டேன். ஏற்றம் காலை ஏழு மணி, வற்றம் ஒன்று பத்து. ஏழு மணிக்கு ஒரு பாட்டில் பிடித்தேன், ஒன்று பத்துக்கு ஒரு பாட்டில் பிடித்தேன், இரண்டு மணிக்கு மீன் சாப்பாட்டில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பாட்டிலும் நல்ல தண்ணீர். திங்கட்கிழமை அறிக்கை தயார், கையெழுத்துப் போட்டு அனுப்பியாயிற்று. முதலாளி என் தோளில் தட்டினார்.

அக்கா பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார்.

"ஒண்ணு பத்துக்கு மட்டி எடுக்குற பொம்பளைங்க எங்க இருந்தாங்க சார்?"

"கரையிலதான். கூடையைக் கவுத்துப் போட்டு உக்காந்து பேசிக்கிட்டு இருந்தாவ."

"ஏன் எறங்கல?"

வற்றம் வந்துவிட்டதென்றால் அவர்கள் ஏன் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும்? அட்டவணை கழிமுகத்து வாசலுக்கானது. அங்கே வற்றி முடித்து, அந்தச் செய்தி வளைந்து வளைந்து கிராமம் வரை வந்து சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். எங்கள் தூத்துக்குடியில் கடல் முழங்கால் அளவுக்கு ஏறி இறங்குவதே பெரிய விஷயம், மணிக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. கொங்கணில் அது இரண்டு ஆள் உயரம் ஏறி இறங்குகிறது. ஊர்ப் பழக்கத்தில்தான் நான் கோட்டை விட்டிருந்தேன். ஒன்று பத்துக்கு நான் பிடித்தது, காலையில் ஏறி வந்து இன்னும் வடிந்து முடியாத கடல் தண்ணீர்.

தெரிந்த பிறகும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு மணி நேரத்துல என்னக்கா பெருசா மாறிரப் போவுது? அறிக்கையும் போயாச்சு" என்றேன். என் கையெழுத்து அதில் இருந்தது, அதுதான் நிஜமான காரணம். அக்கா சண்டை போடவில்லை. காலண்டரைப் பார்த்து விரல் விட்டு எண்ணினார். பதினைந்து நாள் கழித்து ஏறக்குறைய அதே மணிக்கு அதே வற்றம் திரும்ப வரும், அது ஞாயிற்றுக்கிழமை, மனு மேல் நடக்கிற விசாரணைக்கு நாலு நாள் முன்னால். "எனக்கு லீவுதான், நான் போறேன். நீங்க வர்றதுன்னா வாங்க, இல்லன்னாலும் பரவால்ல" என்றார். பரவாயில்லை என்று சொன்ன விதத்தில் நான் போகாமல் இருக்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அக்கா மூங்கிலை நட்டார். பாட்டிலில் தண்ணீர் நிரப்பியதும் அதில் இரண்டு மருந்தை விடுவார். தண்ணீரில் ஆக்சிஜன் என்கிற உயிர்க்காற்று இருந்தால் பழுப்பாகத் திரண்டு அடியில் இறங்கும். ஒன்று பத்துப் பாட்டிலில் அழகாகப் பழுப்பு இறங்கியது.

"பாத்தீயளா? நான் என்ன எழுதினேன்?" என்று குதித்தேன்.

"தோ மினிட் இருங்க சார்" என்றார். நெல்லிக்காயை மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

ஒன்றே முக்காலுக்குப் பழுப்பு. இரண்டேகாலுக்கு வெளிறிய பழுப்பு. கரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்கள். மூங்கிலில் கோடு நகராமல் நின்றது. காற்று மாறி அழுகல் வாடை அடித்தது. இரண்டே முக்கால் மணிப் பாட்டிலில் அக்கா மருந்தை விட்டார். கஞ்சித் தண்ணீர் மாதிரி வெள்ளையாகத் திரண்டது. குலுக்கினார், வெள்ளையாகவே நின்றது. அதில் மூச்சே இல்லை என்று அர்த்தம். பாட்டிலைத் தாண்டிப் பார்த்தால் முழங்கால் வரைக்கும் அந்தத் தண்ணீரில் பதினெட்டுப் பெண்கள் குனிந்துகொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அக்கா என்னைப் பார்க்கவே இல்லை, சீட்டு எழுதி ஒட்டிவிட்டு அடுத்த பாட்டிலைக் கழுவப் போனார்.

இரண்டாவது அறிக்கையை மறுநாள் காலையிலேயே உட்கார்ந்து எழுதினேன். முதலாளி தலையில் அடித்துக்கொண்டு இந்தியில் என்னைத் திட்டினார், பிறகு அனுப்பச் சொன்னார். அந்த மட்டில் நல்ல மனுஷன்.

விசாரணையில் ஆலைக்காரர்கள் பக்கத்து வக்கீல் இரண்டு அறிக்கையையும் தூக்கிக் காட்டினார். ஒரே ஆய்வுக்கூடம், ஒரே கையெழுத்து, பதினைந்தே நாளில் இரண்டு பதில், எது பொய் என்று கேட்டார். அதிகாரி என்னைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா ஜன்னலைப் பார்த்தார். எழுந்து, எனக்குத் தெரிந்த மராத்தியில், முதல் முறை நான் தப்பான நேரத்தில் நின்றேன், அது என் தப்பு, இரண்டாவதுதான் சரி என்றேன். சொல்லி உட்கார்ந்ததும் மூச்சு நன்றாக வந்தது.

வக்கீல் விடவில்லை. "சரி, இரண்டாவதே சரி. அதிலும் பெரும்பாலான பாட்டில் நல்ல தண்ணீர். மதியம் ஒரு மணி நேரம் மட்டும்தானே கெட்டிருக்கிறது?" என்றார்.

அக்காவை யாரும் பேசச் சொல்லவில்லை. எழுந்தார். "அந்த ஒரு மணி நேரம்தான் சாஹேப் இவங்க தண்ணிக்குள்ள நிக்கிறாங்க. மிச்ச நேரமெல்லாம் அங்க ஆள் ஆழம்" என்று மராத்தியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பின்வரிசையில் பெண்கள் கையைத் தட்ட, அதிகாரி மேஜையைத் தட்டினார். ஆனால் அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் தட்டினார்.

ஓடையை அடைத்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் திறக்க வேண்டும், தண்ணீர் தேறும்வரை யாரும் இறங்கக் கூடாது என்று உத்தரவானது. ஜெயித்தும் பெண்களுக்குச் சாப்பாட்டுக்கு வழி இல்லை. வெளியே வந்ததும் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். எப்போது இறங்கலாம், ஒரு தேதி சொல்லுங்கள் தாயி என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். சீக்கிரம் ஆகிவிடும் என்று நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அக்கா, "பாத்தாதான் தெரியும்" என்றார். ஆனால் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, விடுப்புப் போட்டு, நெல்லிக்காயோடு போய்க்கொண்டே இருந்தார்.

மூன்றாவது தடவை நானும் போனேன். பதினெட்டுப் பெண்களும் கூடையோடு வந்து காலையிலிருந்தே கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். இரண்டே முக்கால் மணிக்கு அக்கா மருந்தை விட்டார். ஒரு நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு மெல்ல, டீக்கடை மச்சான் போட்ட டீ நிறத்தில் என்று வைத்துக்கொள்ளுங்களேன், பழுப்பு திரண்டு அடியில் இறங்கியது.

அவர்களில் பெரியவர் பாட்டிலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், "ஜாலா?" என்றார். ஆயிற்றா என்று அர்த்தம்.

"இருங்க, நாளைக்கும் ஒரு சுத்து பாத்துட்டு..." என்று அக்கா மராத்தியில் ஆரம்பித்து, எழுதுவதற்காகக் குனிந்தார். நிமிர்ந்தபோது கரையில் யாரும் இல்லை. பதினெட்டுப் பேரும் புடவையைச் செருகிக்கொண்டு சேற்றுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள், ஒருத்தி மேல் ஒருத்தி தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு. "அரே, தாம்பா, தாம்பா!" என்று அக்கா கத்தினார். நிற்கச் சொன்னால் யார் காதில் விழுகிறது? இரண்டு தடவை கத்திவிட்டு, குடையைக் கீழே போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் வரை மீதிப் பாட்டில்களையும் விடாமல் பிடித்தார். மூன்றேகால் மணிப் பாட்டில் ஒரே கலங்கலாக வந்தது. குறிப்பேட்டில் கலங்கலுக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. காற்று, மழை, நீரோட்டம் என்று ஏதாவது ஒன்று எழுதுவோம். அக்கா பேனாவைக் கடித்து யோசித்துவிட்டு, மராத்தியில் தெளிவாக எழுதினார்: 'பெண்கள் இறங்கிவிட்டார்கள்.'